பயந்து காலை எடுத்தா கார் சுத்தும்

வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள்தான் ஆபீஸ். துபாயில் வேலை முடிந்ததும் நேராக ஷார்ஜாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். கோயமுத்தூர்க்காரங்க வீட்டுல வெள்ளிக்கிழமைன்னா என்ன, அரிசிம்பருப்பு சாதம்தான். மேல நெய், தொட்டுக்க அப்பளம். சாப்பிட்டுக் கை காயறதுக்குள்ள அக்கா பையன் கேம் கன்ட்ரோலரை நீட்டிவிடுவான். என் மருமகனுக்கு இப்போ 17 வயசு, பன்னிரண்டாம் வகுப்பு.

"மாமா, இந்த எம்ஆர்2 ஏன் இப்படிச் சுத்திக்கிட்டே இருக்கு? சுப்ராவுல நான் சூப்பரா டிரிஃப்ட் பண்றேன். இதுல ஒரு வளைவுகூட முழுசாப் போக மாட்டேங்குது."

ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய கேம் அது. 2021-ல் வந்தது, மெக்சிகோவில் நடக்கிற மாதிரி. மலைப்பாதையில் ஒரு 'டிரிஃப்ட் ஸோன்' இருக்கும். அதற்குள் காரைப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகணும். எவ்வளவு சாய்வாக, எவ்வளவு வேகமாகப் போகிறோமோ அவ்வளவு புள்ளி. அதைப் பொறுத்து மூணு நட்சத்திரம் வரைக்கும் கிடைக்கும். அவனுக்கு ஒரு நட்சத்திரம்கூட வரவில்லை.

சாதாரணமா ஒரு பையன் கேம்ல தோத்துப் போறது ஒரு கட்டுரைக்கு விஷயமே இல்லை. ஆனா அந்த டொயோட்டா எம்ஆர்2, அதுக்கப்புறம் வந்த ஒரு ராத்திரி, அக்காவுக்கும் எனக்கும் நடந்த சண்டை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வந்தது. வளைகுடாவில் பதினாறு பதினேழு வயசுப் பசங்களை வச்சிருக்கிற வீடுகளுக்கு இது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாம் அஜித்தால் வந்தது

2025 ஜனவரி மறந்திருக்காது உங்களுக்கு. துபாய் ஆட்டோட்ரோமில் நடந்த 24 மணி நேரப் பந்தயம். அஜித் குமார் தன் சொந்த டீமோடு வந்திருந்தார். அமீரகத்துத் தமிழர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்களோ என்று தோன்றும் அளவுக்குக் கூட்டம். நாங்களும் போயிருந்தோம். 5.39 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை அதற்கு முன் பல வருஷம் பக்கத்து ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரி.

பந்தயத்துக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு தன் டீமின் போர்ஷே 911 காரை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, ஜிடி4 பிரிவில் இன்னொரு காரை அவர் ஓட்டினார். 911 கார் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. கொடியைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடிய காட்சியைத்தான் எல்லாரும் பகிர்ந்தார்கள். என் மருமகன் கேட்டது வேறு கேள்வி.

"மாமா, அவர் ஓட்டின ரெண்டாவது கார் கேமன். அதுல இன்ஜின் எங்க இருக்குன்னு தெரியுமா? நடுவுல!"

அன்றிலிருந்து அவனுக்கு நடு இன்ஜின் பைத்தியம்.

நம்ம வீடுகளில் இருக்கும் சன்னி, கரோலா மாதிரிக் கார்களில் இன்ஜின் முன்னால் பானெட்டுக்குள் இருக்கும். போர்ஷே 911-ல் பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும். நடு இன்ஜின் என்றால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன் நிறுவனங்களின் பேர்போன கார்கள் பல இந்த வகைதான். துபாய் போலீஸ் 2013-ல் ரோந்துக்குச் சேர்த்த லம்போர்கினி அவென்டடோர்கூட நடு இன்ஜின்தான். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களே, அதுதான்.

இதைச் சொன்னதும் மச்சான் சிரித்தார். "எங்க காலத்துல பிரேவியா வேன் இருந்துச்சே, அதுல இன்ஜின் எங்கடா?" என்றார். அவர் சொன்னது சரி. 1990-ல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா பிரேவியாவில் இன்ஜினைச் சாய்த்துப் படுக்க வைத்து முன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதுவும் நடு இன்ஜின்தான். கூட்டுக் குடும்பமா பிரேவியாவுல குலுங்கிக் குலுங்கிப் போனவங்க எல்லாரும் ஃபெராரி ஜாதிக் கார்ல போயிருக்காங்க, தெரியாமலே.

கோயமுத்தூரில் பிறந்த எனக்குச் சொல்லிக்கொள்ள இன்னொரு விஷயமும் உண்டு. எங்க ஊர் எஸ். கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி காரில், சாதாரண மாருதி 800-இன் இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். நரேன் கார்த்திகேயன் 1993-ல் பந்தயத்தில் இறங்கியது அந்தக் காரில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதைக்குக் கரி என்றுதான் பெயர்.

காவடியும் இடுப்புக் குடமும்

சரி, எம்ஆர்2 ஏன் சுத்துது?

மருமகனுக்கு நான் இப்படித்தான் சொன்னேன். மருதமலையில காவடி தூக்கிட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கே இல்ல? பாரம் ரெண்டு முனையிலயும் தொங்குது. திடீர்னு திரும்பச் சொன்னா திரும்ப முடியாது, மெதுவாத்தான் திரும்புவாங்க. திரும்ப ஆரம்பிச்சுட்டா நிறுத்தறதும் மெதுவாத்தான். அதே ஆள் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டா? பாரம் உடம்பை ஒட்டி இருக்கு. சட்டுனு திரும்பலாம்.

முன் இன்ஜின் கார் காவடி மாதிரி. வழுக்க ஆரம்பித்தாலும் நிதானமாகத்தான் வழுக்கும், நமக்கு நேரம் கிடைக்கும். நடு இன்ஜின் கார் இடுப்புக் குடம். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் திரும்பும், அதனால்தான் பந்தயக்காரர்களுக்குப் பிடிக்கும். பின்பக்கம் வழுக்க ஆரம்பித்தாலும் அதே வேகத்தில் சுழலும். எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடிப்பதற்குள் கார் திரும்பி நாம் வந்த வழியைப் பார்த்து நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதிரிக் கார்களில் பாதிக்கு மேல் எடை பின் சக்கரங்கள் மேல்தான். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்பக்கம் சாய்கிறது. பின் டயர்களை ரோட்டோடு அழுத்திப் பிடித்திருந்த பாரம் குறைகிறது. பிடிமானம் போகிறது. ஆனால் பின்னால் இருக்கும் இன்ஜினின் கனம் எங்கேயும் போகவில்லை. அது வெளியே தள்ளுகிறது. கார் சுற்றுகிறது.

"அப்போ பயந்தா என்ன பண்றது மாமா?"

"பயந்து காலை எடுக்காதே. கொஞ்சமா, ஒரே சீரா ஆக்ஸிலரேட்டரை வச்சிரு. போக வேண்டிய இடத்தைப் பாரு, மோதப் போற இடத்தைப் பார்க்காதே."

இது கேமுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. இரண்டாம் தலைமுறை எம்ஆர்2 1989-ல் வந்தபோது, வளைவில் பின்பக்கம் திடீரென்று வீசிவிடுகிறது என்று நிறையக் குறை வந்தது. 1992-ல் டொயோட்டா சஸ்பென்ஷனைத் திருத்தி, டயரையும் சக்கரத்தையும் பெரிதாக்கியது. கேமில் இருப்பது 1995 மாடல். "அப்போ இது திருத்தின கார்தானே?" என்று கேட்டான். "திருத்தினதே இப்படி சுத்துதுன்னா, திருத்தாதது எப்படி இருந்திருக்கும்னு யோசி" என்றேன்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

அவன் காரின் ட்யூனிங் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தலை சுற்றியது. யாரோ யூட்யூபில் சொன்னார்கள் என்று 700 குதிரைத் திறனுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தான். டயர் காற்று, ஸ்பிரிங், சக்கரச் சாய்வு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தான். எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்க பண்ற அதே தப்பு. பத்து மாற்றத்தை ஒண்ணா போட்டா, எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்?

ஒரு பழைய ஸ்கூல் நோட்டை எடுக்கச் சொன்னேன். விதி இதுதான்: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதே வளைவில் பத்து ஓட்டம், எத்தனை தடவை சுற்றியது என்று எழுதணும்.

முதலில் பவரைக் குறைத்தோம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சுமார் 300 குதிரைத் திறனுக்கு இறக்கியதும்தான் ஆக்ஸிலரேட்டரை வைத்து வழுக்கலைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. அதிகப் பவரில் அது வெறும் ஆன், ஆஃப் ஸ்விட்ச்.

அடுத்து பின்பக்க ஆன்டி ரோல் பார். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கும் கம்பி அது. பின்னால் அதைத் தளர்த்தினால் பின் டயர்கள் ரோட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், வழுக்கல் மெதுவாக ஆரம்பிக்கும். பிறகு டிஃபரன்ஷியல். இரண்டு பின் சக்கரங்களும் எவ்வளவு தூரம் சேர்ந்து சுழலணும் என்பதை முடிவு செய்வது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுள்ள பூட்டைக் கூட்டினால் ரெண்டு சக்கரமும் ஒன்றாக வழுக்கும், டிரிஃப்ட் சீராக இருக்கும். காலை எடுக்கும்போதுள்ள பூட்டையும் கூட்டினோம். நடு இன்ஜின் காருக்கு இதுதான் முக்கியமாக உதவியது. பயந்து காலை எடுத்தாலும் பின்பக்கம் உடனே வீசிவிடாமல் அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

பின் சக்கரங்களைக் கொஞ்சம் உள்பக்கம் பார்க்க வைத்தோம். நேராகப் போகிற புத்தி வரும். முன்பக்கம் காஸ்டர் கோணத்தைக் கூட்டினோம். வழுக்கும்போது ஸ்டீயரிங் தானாக எதிர்ப்பக்கம் திரும்ப உதவும். கடைசியாக கியர். முழு வளைவையும் மூன்றாவது கியரிலேயே முடிக்கும்படி நீட்டினோம். நடுவில் கியர் மாற்றினால் அந்தக் குலுக்கலே போதும், கார் சுற்ற.

முதல் நாள் நோட்டில் பத்துக்கு எட்டு தடவை சுற்றியது என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து பத்துக்கு இரண்டு.

கேமில் 'ரீவைண்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. கார் சுற்றினால் அதை அழுத்தலாம், சில நொடி பின்னால் போய் மறுபடி ஓட்டலாம். இரண்டாவது வாரமே அதை செட்டிங்ஸில் போய் நிறுத்தினேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு.

"ரீவைண்ட் இல்லாம எப்படி மாமா கத்துக்கிறது?"

"அது இருக்கிறதாலதான் கண்ணு நீ கத்துக்க மாட்டேங்கறே. சர்வர் விழுந்தா லாக் படிக்காம ரீஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கு நீ பண்றது."

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டான். நான் போனதும் மறுபடி ஆன் பண்ணிவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

அந்த ராத்திரி

ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷன் வந்தது. கூடவே ஒரு வரி: "மாமா வர முடியுமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க."

எமிரேட்ஸ் ரோட்டைத் தாண்டி, பாதி கட்டி விட்ட குடோன்கள் இருக்கும் ஒரு பகுதி. நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் என் மண்டையில் ஓடியது ஒன்றுதான். டிரிஃப்ட் சொல்லிக் கொடுத்தது நான்தானே.

தெருவிளக்குக்குக் கீழே தனியாக நின்றுகொண்டிருந்தான். காரில் ஏறி ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான். கூடப் படிக்கிற பையனின் அண்ணன், இருபது வயசு இருக்கும், கார் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். சும்மா ஒரு ரவுண்டு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவன் பின் சீட்டு. பெல்ட் போட்டிருந்தது இவன் ஒருத்தன் மட்டும். ஆளில்லாத ரவுண்டபவுட்டில் வட்டம் போட்டிருக்கிறார்கள். முதல் வட்டம் சரியாக வந்தது. இரண்டாவதில் ரோட்டில் படிந்திருந்த மணல் மேல் பின் டயர் ஏறியது.

"எனக்குத் தெரிஞ்சுது மாமா. அந்த அண்ணன் பயந்துட்டார்னு. காலை எடுக்காதீங்கன்னு கத்தினேன். எடுத்துட்டார்."

கார் ஒன்றரைச் சுற்று சுற்றி, நடைபாதைக் கல்லில் சக்கரம் இடித்து, மணலில் போய் நின்றது. விளக்குக் கம்பம் நாலு அடி தள்ளி. யாருக்கும் அடி இல்லை. மற்றவர்கள் சிரித்தார்களாம். "இன்னொரு தடவை" என்றார்களாம். இவன் இறங்கிக்கொண்டான்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அடுத்த நாள் அவனை வைத்துக்கொண்டே சொன்னேன். அக்கா அவனைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீதான்டா அவனைக் கெடுத்தே. வாராவாரம் உக்காந்து கார் சுத்தக் கத்துக் குடுத்தே இல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்தக் காரில் ஏறும் ஆசை அவனுக்கு வந்ததில் எனக்குப் பங்கு உண்டு. அதிலிருந்து இறங்கணும் என்று அவனுக்குப் புரிந்ததிலும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். எது எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை.

இந்த ஊர் டிரிஃப்ட்டின் இரண்டு முகம்

வளைகுடாவில் டிரிஃப்ட் என்பது கேமுக்கு முன்பே இருந்த விஷயம். சவூதியில் இதை தஃப்ஹீத் என்பார்கள், ஹஜ்வலா என்றும் சொல்வதுண்டு. எண்ணெய்ப் பணத்தில் அகலமான நேர் ரோடுகள் வந்ததும், ஊருக்கு வெளியே இளைஞர்கள் சாதாரண செடான் கார்களை வேகத்தில் பக்கவாட்டில் வீசி விளையாட ஆரம்பித்தார்கள். ஓட்டியவர்களும் செத்திருக்கிறார்கள், ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் செத்திருக்கிறார்கள். ரியாத்தின் இந்தக் கதையை பாஸ்கல் மெனோரே என்ற ஆய்வாளர் 2014-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். சவூதியில் இதற்கு முதல் தடவை 20,000 ரியால் அபராதம், 15 நாள் கார் பறிமுதல். மூன்றாவது தடவை 60,000 ரியால் வரை போகும், விஷயம் கோர்ட்டுக்கும் போகும்.

அமீரகத்தில், மற்றவர்கள் உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டினால் 2,000 திர்ஹாம், 60 நாள் கார் பறிமுதல், 23 கரும்புள்ளி. 24 சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். அதாவது ஒரே ஒரு தப்பில் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். துபாயில் 2023-ல் வந்த ஆணைப்படி, இப்படிப் பிடித்த காரை மீட்கவே 50,000 திர்ஹாம் கட்டணும். விசாவில் வாழும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதே மண்ணில் இன்னொரு முகமும் உண்டு. 2013-ல் அபுதாபி யாஸ் மரினா பாதையில் லெபனானின் அப்து ஃபெகாலி ஒரு கமாரோ காரை 11.18 கிலோமீட்டர் தூரம் விடாமல் டிரிஃப்ட் செய்து அப்போதைய கின்னஸ் சாதனை படைத்தார். 2016-ல் ஃபுஜைரா விமான நிலைய ஓடுபாதையில் ஜப்பானின் மசாதோ கவபாதா நிஸான் ஜிடி-ஆர் காரை மணிக்கு 304.96 கிலோமீட்டர் வேகத்தில் 30 டிகிரி சாய்வில் வழுக்கவிட்டார். ரெண்டுமே முன் இன்ஜின் கார்கள் என்பதை மருமகன்தான் கவனித்துச் சொன்னான். டிரிஃப்ட்டுக்கு நடு இன்ஜின் காரைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. ஜப்பானின் டைகோ சைட்டோ ஒரு லம்போர்கினி முர்சியலாகோவை எடுத்தபோது, நாலு சக்கரமும் இழுக்கும் அந்தக் காரைப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும்படி மாற்ற வேண்டியிருந்தது.

மூடிய பாதை, ஹெல்மெட், பக்கத்தில் ஆம்புலன்ஸ். அந்த ரவுண்டபவுட்டில் இது ஒன்றும் இல்லை.

கேமிலிருந்து ரோட்டுக்கு

"கேம் விளையாடினவங்களே நிஜப் பந்தயக்காரங்க ஆகியிருக்காங்களே மாமா" என்று ஒரு நாள் கேட்டான். ஆகியிருக்கிறார்கள். நிஸானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008-ல் ஜிடி அகாடமி என்ற போட்டியைத் தொடங்கின. கிரான் டூரிஸ்மோ கேமில் வேகமாக ஓட்டுபவர்களைப் பொறுக்கி எடுத்து நிஜக் காரில் உட்கார வைத்தார்கள். முதல் வெற்றியாளர் லூகாஸ் ஓர்டோனியஸ் 2009-ல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். 2011-ல் வென்ற ஜான் மார்டன்பரோவும் 2012 ஜனவரியில் இதே துபாய் பந்தயத்தில்தான் ஓட்டினார். அவர் கதைதான் 2023-ல் கிரான் டூரிஸ்மோ என்ற படமாக வந்தது.

படத்தை ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். 2015-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் மார்டன்பரோவின் கார் மேலே எழும்பித் தடுப்பைத் தாண்டி விழுந்து, பார்வையாளர் ஒருவர் இறந்தார். படத்தில் வருவது நிஜமாக நடந்தது என்று சொன்னதும் மருமகன் ரொம்ப நேரம் பேசவில்லை. முறையாகப் பயிற்சி எடுத்தவர், பந்தயப் பாதை, தடுப்பு வேலி எல்லாம் இருந்தும் அப்படி நடந்தது. கேமில் யாரும் சாவதில்லை, ரோட்டோரத்துப் பெட்டியும் மரமும்தான் உடையும்.

தடை போடுவதா, கூட உட்காருவதா என்று வீட்டில் பேசினோம். கன்ட்ரோலரைப் பிடுங்கி வைக்கணும் என்பது அக்காவின் முதல் முடிவு. மச்சான்தான் சொன்னார்: "புடுங்கி வச்சா வேற எங்கயாவது போய்க் கத்துக்குவான். அந்த ராத்திரி அவன் உனக்கு மெசேஜ் பண்ணலை, உன் தம்பிக்குப் பண்ணான். ஏன்னு யோசி." அக்காவுக்கு அது வலித்தது. ஆனால் பிடுங்கவில்லை.

அடுத்த மாதம் துபாய் ஆட்டோட்ரோம் பக்கத்தில் இருக்கும் கார்ட் பாதைக்கு அழைத்துப் போனேன். சின்ன கார்ட் வண்டியிலும் இன்ஜின் சீட்டுக்குப் பக்கத்தில், பின் அச்சை ஒட்டித்தான் இருக்கும். பின் சக்கரங்கள் ரெண்டும் ஒரே தண்டில் பூட்டியிருக்கும். எம்ஆர்2-வுக்குக் கிட்டத்தட்ட தம்பி மாதிரி. எல்லாம் தெரிந்த தெம்பில்தான் ஏறினான். நாலாவது சுற்றில் ஒரு வளைவுக்குள் வேகமாகப் போனான், பயந்தான், சட்டென்று காலை எடுத்தான். வண்டி சுற்றி டயர் தடுப்பில் முட்டி நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து சொன்னான்: "தெரிஞ்சும் எடுத்துட்டேன் மாமா. கால் தானா எடுத்துருச்சு."

இதைத்தான் நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். ஏன் சுற்றும் என்பதை கேம் மூளைக்குச் சொல்லிக் கொடுக்கும். காலுக்கு அது சொல்லிக் கொடுக்காது. நிஜமான பயம் வரும்போது கால் மூளையைக் கேட்பதில்லை. அந்த இருபது வயசு அண்ணனுக்கும் அதுதான் நடந்தது. டயர் தடுப்பு இருக்கும் இடத்தில் இது தெரிந்துகொண்டது எங்கள் அதிர்ஷ்டம்.

உங்க வீட்டுலயும் ஒரு பையனோ பொண்ணோ இந்த மாதிரி கேம்ல மூழ்கிக் கிடந்தா, ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்துல உக்காந்து பாருங்க. கார் ஏன் சுத்துதுன்னு கேளுங்க. அவங்களுக்கே உங்களை விட நல்லாத் தெரிஞ்சிருக்கும். ரீவைண்டை நிறுத்தச் சொல்லுங்க. முடிஞ்சா ஒரு தடவை கார்ட் பாதைக்குக் கூட்டிட்டுப் போங்க. முக்கியமா, ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் பண்ண அவங்களுக்கு ஒரு ஆள் இருக்கணும். அது நீங்களா இருக்கலாம், மாமாவா இருக்கலாம், சித்தியா இருக்கலாம். வந்து கூட்டிட்டுப் போற ஆள் முதல்ல வந்து சேரட்டும். திட்டறதை மறுநாள் வச்சுக்கலாம்.

2025 மார்ச் 29-லிருந்து அமீரகத்தில் 17 வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாம். மருமகன் டிரைவிங் வகுப்புக்குப் பெயர் கொடுக்கணும் என்று நச்சரிக்கிறான். அக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். ரீவைண்ட் ஏற்கெனவே ஆஃபில் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அதிசயமாக அக்காவும் சோஃபாவில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். எம்ஆர்2 மலைப்பாதையில் வழுக்கிக்கொண்டு போய், கடைசி வளைவில் வழக்கம் போல சுற்றியது.

"ஏன் கண்ணு, இந்தக் கார் சுத்தாமப் போகவே போகாதா?"

"போகும்மா. மெதுவாப் போனா."

"அப்ப மெதுவாத்தான் போயேன்" என்று சொல்லிவிட்டு, காபி போட எழுந்து போனாள்.